அரசர் உடம்பில் கட்சி மாறிய காவலர்

ஏரிகள் நிறைக, எல்லைகள் அமைதி பெறுக. முப்பது துறைக்கு உடையவரும் நெடுங்கரை நாட்டு வேந்தருமான எயினன் ஆதனார், தம் தாய்மாமன் மகனும் வடகோட்டைத் தலைவருமான கந்த மாறாயருக்கும் அவர் காக்கும் ஊர்களுக்கும் நலம் கூறி விடுக்கும் ஓலை.

மாறாயர் அன்போடு அனுப்பிய லேகியம் வந்து சேர்ந்தது. அது உடம்பின் காவலைப் பெருக்கும், அரசரின் நீர்ப்பைக்குக் கீழே வளரும் கட்டியை அடித்து விரட்டும் என்று எழுதியிருந்ததைக் கேட்டு அரசர் மகிழ்ந்தார். ஜாடியைத் திறக்கவும் சொன்னார். மருத்துவச்சி சாத்தியார்தாம் குறுக்கே கை நீட்டினார்.

இதே நோயில் மாண்டவர்களின் தசையை, நுண்பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் படிகச் சில்லு வழியே பார்த்தவர் அவர். கண்ணுக்குத் தெரியாத காவலணுக்கள் கட்டியைத் தேடி ஓடி வருவது மெய்யே என்றும், வந்தவற்றில் சில இன்னும் போரிட, பலவற்றை அக்கட்டி தன் வசமாக்கி, தனக்குப் புது இரத்த வாய்க்கால் வெட்டவும் பிற காவலை மறிக்கவும் ஏவுகிறதென்றும் விண்ணப்பித்தார்.

"ஆளைக் கூட்டிக்கிட்டே போனா அதுக்குத்தான் கூலியாள் கூடும், மகாராசா."

அரசருக்குச் சிரிப்பு வந்தது. "என் சோத்தைத் தின்னுட்டு எவன் வீட்டுக்குடா தண்ணி சுமக்கிறீங்க?" என்று தம் வயிற்றைப் பார்த்தே கேட்டார். பிறகு சிரிப்பு நின்றது. சென்ற கோடையில் கொள்ளையரை வளைக்க வடகோட்டைக்குப் போன நூறு பேர் அவர்களுக்கே காவல் நின்றதும், அது தெரியாமல் தாம் இன்னும் இருநூறு பேரை அனுப்பிக் கொள்ளையரைக் கொழுக்க வைத்ததும் நினைவுக்கு வந்தன.

சாத்தியாரிடம் ஒரு கசப்பு மருந்து உண்டு. கட்டி காவலரை மயக்கும் வழியை அது அடைக்கும் என்பது அவர் எண்ணம். எந்த மனிதரும் இதுவரை குடித்ததில்லை. "பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்று மறைக்காமல் சொன்னார். சிறுநீருக்குப் போய்ச் சுவரைப் பிடித்து நின்ற பொழுதெல்லாம் அரசர் யோசித்தார், குடிப்பதென்று துணிந்தார்.

ஆனால், அரசருக்கு ஒன்று ஆனால் மருத்துவச்சியின் தலை தப்பாது என்று மாறாயர் சபையில் சொன்ன சொல் சாத்தியார் காதுக்கு எட்டிவிட்டது. மருந்து கலக்கையில் அவர் கை நடுங்குகிறது. நடுங்கும் கையில் அளவு தவறும்.

ஆகவே கட்டளை: ஓலை கண்ட அன்றே மாறாயர் அதே சபையில் எழுந்து நின்று அச்சொல்லைத் திரும்பப் பெறுக. அரசர் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் சாத்தியார்மேல் ஒரு துரும்பும் படலாகாது. லேகியம் திரும்பி வருகிறது, மனத்தாங்கல் வேண்டாம்.

இலச்சினை இட்டது அரசர் கையே. மறுமொழிக்கு வேகமான குதிரையை ஏற்பாடு செய்க. அது வரும்வரை மருந்துக் கிண்ணம் மூடியே இருக்கும்.