உன் வரிசையில் அப்பாவின் மரணம்

சிங்காநல்லூர்,
புதன்கிழமை

அன்புள்ள எழில்,

கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறேன். கனடாவில் அந்தக் கால்கரிக் குளிரில் நீயும் மருமகள் யுவஸ்ரீயும் சளி பிடிக்காமல் இருக்க ஜெபிக்கிறேன். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடியில் குடியிருக்கும் மெர்சிதான் மருந்து வாங்கித் தருகிறாள், இந்தக் கடிதத்தையும் அவளே படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

அப்பாவின் முதலாண்டு நினைவு ஆராதனையில் வாசிக்கச் சொல்லி நீ ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதை ஆயர் நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பிழை இல்லை. ஃபர்ஸ்ட், தென், மீன்வைல், ஆஃப்டர் தட், ஃபைனலி, எல்லாம் அழகாகக் கோத்திருக்கிறாய். கான்வென்டில் சிஸ்டர் எங்களை நிற்கவைத்து, காலையில் எழுந்ததிலிருந்து நடந்ததை இந்தச் சொற்களை வைத்துத்தான் சொல்லச் சொல்வார், ஒன்று முன்பின் ஆனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித்தான் உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். நீ என்ன எழுதியிருக்கிறாய்? முதலில் அப்பா விழுந்தார், அதே வேளையில் நீ விமானம் ஏறினாய், அதன் பிறகு அவர் கையைப் பிடித்துச் சங்கீதம் வாசித்தாய், கடைசியில் உன் மடியில் கண்மூடினார். நடந்தது உனக்கே தெரியும். அவர் விழுந்தார், நான் போன் செய்தேன், பார்த்துச் சொல்கிறேன் என்றாய். அவர் போன பிறகும் அதையே சொன்னாய். மகன் முதல் பிடி மண் போடட்டும் என்று கல்லறையில் வெயிலில் காத்து நின்றோம். அதற்கு மேல் காத்திருக்க முடியாமல் ஆயர் உன் அத்தை வெங்கடம்மாளைப் போடச் சொன்னார். நீ வந்தபோது மாலைகள் காய்ந்திருந்தன.

அத்தையும் நேற்று கிணத்துக்கடவிலிருந்து வந்திருந்தாள். மெர்சி உன் எழுத்தைத் தமிழில் சொல்லக் கேட்டுவிட்டு, "ஏனுங்கண்ணி, அப்ப அண்ணன் தலைய மடில வெச்சுட்டிருந்தது நானில்லீங்களா? நாந்தான் கனாக் கண்டுபோட்டனாட்ட இருக்குது" என்று சிரித்தாள். சிரித்தவள் ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள்.

அதை வாசிக்கக் கூடாது என்று ஆயரிடம் சொல்லிவிட்டேன். "பையன் ஆசையா எழுதியிருக்குதுங்க, உட்டுப்போடுங்கம்மா" என்றார். சபையில் பாதிப் பேர் அன்று கல்லறையில் நின்றவர்கள், யாரை நம்பவைக்க வாசிப்பது என்று கேட்டேன். உன் மாமனார் வீட்டாரும் நண்பர்களும் நேரலையில் பார்ப்பார்கள் என்றுதானே எழுதினாய்? நீ நேரத்துக்கு வராததைப் பொறுத்துக்கொண்டேன், விடுப்பு கிடைத்திருக்காது, டிக்கெட் கிடைத்திருக்காது. வந்ததாக எழுதினாயே, அதற்காக அத்தையை அவள் அண்ணன் தலைமாட்டிலிருந்து எழுப்பிவிட்டாயே, அதை என்னால் பொறுக்க முடியாது.

சனிக்கிழமைக்குள் நடந்தது நடந்தபடி எழுதி அனுப்பு. பிந்தி வந்தேன் என்று நீ எழுதினால் அதை நானே எழுந்து நின்று வாசிப்பேன், உன்னைப் பெற்றதற்கு அன்று வெட்கப்படமாட்டேன். அனுப்பாவிட்டால் அத்தை தமிழில் சொல்வாள். மாட்டேன் என்பாள், நாளை நானே போய் அழைத்து வரப்போகிறேன்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள். யுவஸ்ரீயை வேளைக்குச் சாப்பிடச் சொல். உங்கள் இருவரையும் கர்த்தர் தம் செட்டைகளின் கீழ் காப்பாராக. ஆராதனை இங்கே ஞாயிறு காலை, நேரலையில் பார்க்கும் உனக்கு அது சனி இரவு. இதற்காவது நேரத்தோடு வந்துவிடு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா