நொச்சிவலசைட்

3 ஏப்ரல் 2023, கோவை
லேபிலிருந்து முடிவு வந்துவிட்டது. பாலுசாமி மாமா தோட்டத்துக் கிணற்றில் தூர் வாரியபோது வந்த கல்லில், டீ நிறத்தில் ஊசி ஊசியாக இருக்கிறதே, அது உலகத்தில் யாரும் இதுவரை பதிவு செய்யாத கனிமம். மத்தியானம் ஜியாலஜி கிளாஸில் என்ன நடத்தினேன் என்றே நினைவில்லை.

5 ஏப்ரல்
பெயர் வைக்க வேண்டும். கண்டுபிடித்தவர் தன் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது. முதலில் கிடைத்த ஊரின் பெயரை வைப்பது வழக்கம். அப்போது பெயரே முகவரி ஆகிவிடும். எங்கள் ஊர்ப் பெயரோடு 'ஐட்' சேர்த்தால், நொச்சிவலசைட். சமையலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மாமாவுக்குப் போன் போட்டேன். "நம்மூர்ப் பேரா! நெசமாலுமா கண்ணு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

2 மே
மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாப்பிலேயே ஃப்ளெக்ஸ். மாமா மகன் மிதுனின் வேலை. வெள்ளை வேட்டியில் மாமா, கையில் கல். ஓரத்தில் நான், காலேஜ் ஐடி கார்டு மூஞ்சியோடு. 'உலக அறிவியலில் எங்கள் தோட்டத்துக் கல்!' தோட்டத்துக்கு அம்புக்குறி வேறு. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

9 மே
மாமா போன். "கார்ல ஆளுங்க வந்திருக்காங்க கண்ணு. நானும் உங்கத்தையும் கோயல்ல இருந்தம். கெணத்து மேட்டைத் தோண்டிப் போட்டுப் போயிட்டாங்க. தென்னை ரெண்டு சாஞ்சுபோச்சு."
காங்கேயம் பக்கம் ரத்தினக் கல்லுக்காகத் தோட்டங்களைக் குடைந்த கதை எங்களில் யாருக்குத் தெரியாது? தெரிந்தும் ஃப்ளெக்ஸ் வைத்தோம்!

17 மே
ஃப்ளெக்ஸைக் கழற்றியும் கார் வருவது நிற்கவில்லை. இன்று ஒருவன் தோட்டத்தையே விலைக்குக் கேட்டானாம். "ஊர்ப் பேரு பொஸ்தகத்துல வந்துபோச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது அம்மணி" என்றார் மாமா. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

12 ஜூன்
வேறு பெயர் வைத்தால்? துறைத்தலைவரிடம் கேட்டேன். "பேரு என்ன வேணா வைங்க மேடம். கெடச்ச எடத்த எழுதாம, புதுக் கனிமத்த அங்கீகரிக்கற உலகக் குழுவுக்கு அனுப்ப முடியாதுங்க."
அப்படியென்றால் கனிமமா, தோட்டமா? இன்னொன்று என் ஆயுசில் கிடைக்காது. ச்சே — எதுக்குத்தான் அந்தக் கல்லைக் கையில எடுத்தேன்? வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

20 ஜூன்
அனுப்பவில்லை.

2 செப்டம்பர்
கல் பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கிறது. இன்றும் எடுத்துப் பார்த்தேன்.

14 பிப்ரவரி 2025
நார்வேக்காரர்கள் பதிவு செய்துவிட்டார்கள். அதே டீ நிறம், அதே ஊசி. அவர்கள் ஊர் ஹெல்வோர்ன், அதனால் ஹெல்வோர்னைட். பாத்ரூமில் அழுது, முகம் கழுவிக்கொண்டு கிளாஸுக்குப் போனேன்.

3 மார்ச்
ஹெல்வோர்னைட் என்று போர்டில் எழுதிப் போட்டேன். "இந்தப் பேருக்கு என்ன அர்த்தங்க மேம்?" என்று சைத்ரா என்ற மாணவி கேட்டாள்.
"முதல்ல கெடச்ச ஊரோட பேரும்மா" என்றேன்.

23 மார்ச்
மாமா தேங்காய் மூட்டையோடு வந்தார். காபி குடித்துக்கொண்டே, "அந்தக் கல்லுக்குக் கடசீல என்ன பேருதான் வெச்சாங்க?" என்றார். சொன்னேன். சொல்லிப் பார்த்தார், வரவில்லை. கல்லைக் கேட்டார். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அவிய என்னமோ கூப்புட்டுக்கட்டும் கண்ணு. ஊட்டுக்குள்ள நாம நொச்சிவலசைட்டுன்னே சொல்லிக்குவம்."
"சரீங் மாமா" என்றேன்.