பைபிளில் இருந்த சீட்டு

மதுரை
4.3.1993

அன்புள்ள சவுந்தரத்துக்கு,

கர்த்தர் உன்னைச் சுகமாய் வைத்திருப்பாராக. ஆறு வருஷம் கழித்து என் எழுத்தைப் பார்த்தால் கோபம்தான் வரும். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு தடவை மிஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அதற்கு வழியாக இடது மணிக்கட்டில் ரத்தக் குழாய்களை இணைத்துப் பதினைந்தாம் தேதி ஆபரேஷன். சீழ் பிடித்தால் அந்த வழியும் போய்விடுமாம். அதனால் கத்தி வைக்கும் முன்பே ஓர் ஊசி போடுவார்கள். "எந்த ஊசியாவது உங்களுக்குச் சேராமப் போயிருக்கா?" என்று டாக்டர் கேட்டார். திருச்சுழியில் முள் விஷம் ஏறி நினைவில்லாமல் கிடந்தேனே, அப்போது ஊசி போட்டார்களா? அம்மாவும் இப்போது இல்லை. கூட இருந்தவள் நீ ஒருத்திதான்.

லாட்ஜில் தனியாக இருக்கிறேன். பேச ஆளில்லை.

உன் கணவன்
செல்வதுரை


பரளச்சி
8.3.1993

செல்வதுரை அவர்களுக்கு,

கடிதம் இன்றுதான் வந்தது. தபால் எடுக்குமுன் எழுதுகிறேன்.

அது முள் விஷமல்ல. முள் தைத்து நாலு நாள் நொண்டிக்கொண்டே திரிந்தீர்கள். கம்பவுண்டர் பென்சிலின் போட்ட கால்மணி நேரத்தில் உதடு தடித்து, மூச்சு இரைத்து விழுந்தீர்கள். "கருவேல முள்ளு விஷம் ஏறிப்போச்சு" என்று உங்கள் அம்மா ஊரெல்லாம் சொன்னார்கள். நீங்களும் அதையே நம்பினீர்கள். நான் சொன்னதை என்றைக்குக் கேட்டீர்கள்? பென்சிலின் வகை எதுவும் போடக் கூடாதென்று பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் பைபிளில் இருக்கிறது. டாக்டரிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள்.

என் அப்பா அடக்கத்துக்கு வராதவருக்கு எழுதுகிறேன் என்றால், உயிர் விஷயம் என்பதால்தான்.

சவுந்தரம்


மதுரை
20.3.1993

அன்புள்ள சவுந்தரத்துக்கு,

உன் கடிதத்தை டாக்டர் இரண்டு தடவை படித்தார். எனக்குப் போட வைத்திருந்ததும் அந்த வகைதானாம். வேறு ஊசிக்கு மாற்றினார். "இதை எழுதுனவுகதான் உங்களைக் காப்பாத்திருக்காக" என்றார். புண் சுத்தமாக ஆறுகிறது. மணிக்கட்டில் விரல் வைத்தால் ரத்தம் ஓடுவது தெரிகிறது. அதைத் தொட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்.

படிவத்தில் துணைக்கு யார் என்று கேட்டிருந்தது. உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுதினேன். அடக்கத்துக்கு வராதது என் தப்பு. சண்டை போட்டுவிட்டுப் போனவன் எந்த முகத்தோடு வருவது என்று பயந்தேன். ஒரு சனிக்கிழமை வா.

செல்வதுரை


பரளச்சி
27.3.1993

அத்தானுக்கு,

இன்று சனிக்கிழமை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் வரை வந்தேன். மதுரை பஸ் இரண்டு போயிற்று. ஏறவில்லை. எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை. ஆனாலும் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் வருகிறீர்களா என்று வாசலைப் பார்த்த அந்தப் பகல் என்னை விட மாட்டேன் என்கிறது.

நீங்கள் பிழைத்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னேன். சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினான்கு வருஷம் என்னிடம் இருந்தது. சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த டாக்டர் கேட்டாலும் என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

மடிப்பில் இற்றுப்போயிருக்கிறது. மெதுவாகப் பிரியுங்கள்.

சவுந்தரம்