உனக்காக வந்த நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா இருமல் மருந்தை ஒழுங்கா குடிக்கிறாரா? நான் சௌக்கியம்.

ஞாயித்துக்கிழமை காலேஜ் லீவு. துணி துவைச்சேன், அறுந்த செருப்பைத் தைச்சு வாங்கினேன், மத்தியானம் டிவி முன்னாடி உட்கார்ந்தேன். சீரியல்ல ஒரு மாமியார் மருமகளைப் படுத்துற பாடு தாங்கல. இந்த ஊர் பாஷை பாதி புரியாட்டியும் மாமியார் மாமியார்தானே! உன்னை மாதிரியே, "நீ நல்லா இருப்பியாடி?"ன்னு கத்திட்டேன்.

உடனே கதவு தட்டுற சத்தம். பக்கத்து ரூம் தையல்காரம்மா ஒரு நாற்காலியோட நிக்கிறாங்க. "பேச்சுச் சத்தம் கேட்டுச்சே, ஊர்லேருந்து யாராவது வந்திருக்காங்களா? உன்கிட்ட ஒரு நாற்காலிதானே இருக்கு"ன்னாங்க. டிவியோட சண்டை போட்டேன்னு எப்படிச் சொல்றது? "அம்மா வந்திருக்காங்க, குளிக்கிறாங்க"ன்னுட்டேன். சிரிக்காதே.

இனிமே நீ சீரியல் பார்க்கும்போது எனக்கு போன் போட்டுப் பக்கத்துல வெச்சுடும்மா. என்கூடப் பேசணும்னு இல்ல. நீ பாட்டுக்கு அவங்களைத் திட்டு, போதும்.

அடுப்புல சோறு பொங்குது, ஓடணும். நாற்காலி இன்னும் இங்கேதான் இருக்கு. "அம்மா கிளம்பியாச்சா?"ன்னு அந்தம்மா இன்னிக்கும் கேட்டாங்க. இன்னும் ரெண்டு நாள் இருப்பாங்கன்னு சொல்லியிருக்கேன்.

உன் வாயாடி