ஊர்க்கிணற்றில் மொண்ட தண்ணீர்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம், ஏப்ரல் 1942

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் இன்னாசி தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா?

ஜப்பான்காரன் குண்டு விழும் என்று சென்னைப் பட்டணத்தை விட்டு ஓடிவருகிற ஜனங்களின் ரயில் நேற்று மத்தியானம் இங்கே நின்றுவிட்டது. வெயிலில் குழந்தைகள் கதறின. மூட்டை தூக்கும் நாங்கள் எல்லோரும் வேடிக்கைதான் பார்த்தோம். ஸ்டேஷனில் மல்லாட்டைக் கடலை விற்கும் நம் சேரி சின்னக்கண்ணு அக்கா மட்டும் தன் கூழ்க் கலயத்தை ஜன்னலில் நீட்டினாள். உள்ளே இருந்தவள், "நீங்க என்ன ஜனம்?" என்றாள், பதிலுக்குக் காத்திராமல் குழந்தைக்குப் புகட்டினாள்.

அதைப் பார்த்துத் தெருவே குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தது. கிணற்றடியில் ஒரு அம்மாள் கயிற்றை என் கையில் திணித்து, "நின்னுக்கினு இருக்கியே, ஜல்தியா மொண்டு ஊத்துப்பா!" என்றார். மொண்டேன். நம் ஜனத்தைக் கிட்டேகூட விடாத ஊர்க்கிணறு, அம்மா.

இன்று காலையிலிருந்து, "கெணத்துல கை வெச்ச பய எவன்?" என்று நாலு பேர் விசாரிக்கிறார்கள். ஒன்றும் ஆகாது, நீங்கள் பயப்பட வேண்டாம். அப்பா கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியத்தை விழுப்புரம் வண்டியில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். வருகிறவர் என் பெயரை உரக்கக் கேட்க வேண்டாம். மூட்டை இறக்கும் இடத்தில் நிற்கட்டும், நானே வருவேன்.

இன்னொரு ரயில் ஊதுகிறது. சின்னக்கண்ணு அக்கா கலயத்தோடு எழுந்துவிட்டாள். நானும் குடத்தை எடுக்க வேண்டும், அம்மா.

உங்கள் இன்னாசி