ஒரு சாண் சந்து

அக்கா,

இன்று காலை அவருடைய தலையணை உறையை மாற்றினேன். உறை முழுக்க ஈரச் செங்கல் வாடை. துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி நேற்றுத்தான் போட்டது. அதற்குள் சுவரின் வாடை துணிக்கு ஏறிவிட்டது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். இந்த மாதிரி நேரத்தில் வந்து சொல்ல எனக்கு இருந்தது நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போய்ச் சேர்ந்த பிறகு யாரிடம் போய் நிற்பது?

நம் வீடுகளைக் கட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் லாரியோடு வடக்கே போய்விட, மணலுக்கும் சிமெண்டுக்கும் நாம் இருவரும்தான் காவல். பக்கத்துப் பக்கத்து மனை. கொத்தனார் நூல் கட்டிவிட்டு, "ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல மூணடி உடோணுமுங்க அம்மிணி. நாளைக்கு வெளிச்செவுரு பூசறதுன்னா ஆளு பூரோணுமில்லீங்க?" என்றார். நீங்கள் முளைக்குச்சியைப் பிடுங்கி நீங்களே தள்ளி நட்டீர்கள். "மூணடி உட்டா கொழம்புக் கிண்ணம் எப்படி எட்டும்? ஒரு சாணு போதும்." நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். எதிரெதிராகச் சமையலறைச் சன்னல் வைத்தோம், கிண்ணம் நுழையக் கம்பி இல்லாமல். சந்துப் பக்கத்துச் செங்கலுக்குப் பூச்சே இல்லாமல் போயிற்று. அதை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்தீர்கள்.

அவர் ஓட்டிய லாரி கவிழ்ந்த சேதி வந்த அன்று, உயிர் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் அணைந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சன்னலில் உங்கள் கை நீண்டது; ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சோறு. "ஆகறது ஆகட்டும், நீ மொதல்ல சாப்புடு கண்ணு." அவர் பிழைத்து வந்தார். அந்த உயிரைத்தான் இப்போது இந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சந்துக்குள் இறங்கும் எங்கள் குழாய் எப்போது விரிசல் விட்டதோ தெரியாது. உள்பக்கம் சுண்ணாம்பு பொரிந்து உப்புப் பூத்த பிறகுதான் விழித்தோம். குழாயை அடைத்து வேறு பக்கமாக இழுத்தாயிற்று. ஆனாலும் சுவர் காயவில்லை. வெயிலும் காற்றும் எட்டாத சந்தில் எப்படிக் காயும்? சாரல் அடித்தால் பூச்சில்லாத செங்கல் மறுபடி குடிக்கிறது. உள்ளே அடித்த பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிக் கொட்டுகிறது. இளைப்பு வந்து அவர் படுத்திருப்பது அந்த அறையில். முன்னறைக்கு மாற்றிப் பார்த்தேன். ரோட்டுப் புழுதியில் இளைப்பு இன்னும் ஏறியது. இந்த ஈரத்தில் வைத்திருந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். "நான் அன்னைக்கே சொன்னேனுங்க" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நம்ம செவுத்து மேல தளம் ஒக்காந்திருக்குது, தொட முடியாதுங்க. அந்தூடு சிமெண்டு அட்டக் கூரைதானுங்களே. அவிங்க செவுத்தக் கொஞ்சம் பிரிச்சு உட்டா, நம்முளதப் பூசிப்போட்டுத் திருப்பிக் கட்டிக் குடுத்தர்லாம்."

உங்கள் வீட்டை வாங்கியவர்கள் அந்தச் சன்னலை அப்போதே அடைத்துவிட்டார்கள். வாசலில் போய் நின்றேன். அந்தப் பெண் நல்ல பெண்தான், இடுப்பில் குழந்தை. "கொழந்தைய வெச்சுக்கிட்டு செவுத்த எப்படீங்க பிரிக்கறது? அவரு ஒத்துக்க மாட்டேங்கறாருங்க." காலில் விழவே குனிந்துவிட்டேன், அக்கா. அவள் பதறிப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, ஒரு ஆளு பூர எடமில்லாம ஏனுங்க இப்படிக் கட்டுனீங்க?" கோபமில்லாமல்தான் கேட்டாள். கிண்ணத்துக்காக என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. பின்னாலேயே அழுகையும் வந்துவிடுகிறது. அந்த ஒரு சாணைப் பெரிய சொத்து மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். இதை எழுதும்போதும் உள்ளே அவர் இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்கிறது. இப்போது நீங்கள் முளைக்குச்சியோடு வந்து நின்றால், "மூணடி உடுங்கக்கா" என்றுதான் சொல்வேன். அந்தச் சன்னல் வழியே வாங்கித் தின்ற சோற்றையெல்லாம் வேண்டாம் என்று தள்ளுவதாகத்தான் அது ஆகும். ஆகட்டும். அவருக்கு மூச்சு வேண்டும், அக்கா.