ஒன்றாம் வகுப்பில் மடை திறந்த கதை

கொல்லம் 1129 தை 20

அன்புள்ள மகன் தங்கப்பனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, மனசின் சங்கதியைக் கீழே எழுதுகிறேன். பம்பாயில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க பகவதி துணை நிற்பாள். போன தடவை வந்தபோது கன்னமெல்லாம் ஒட்டிக் கிடந்தாய், அந்தக் கோதுமையையே தின்றுகொண்டிராதே, நேரத்துக்குச் சோறு தின்னு. குளச்சல் மீன்காரி நேற்று நல்ல நெத்திலி கொண்டு வந்தாள், உன்னை நினைத்துக்கொண்டேதான் கருவாட்டுக்குக் காயப் போட்டேன். உன் தபால் முந்தாநாள் வந்தது. ஓமனா ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் வேலை நிலைக்கும், இதற்கு ஏன் இத்தனை ரகளை என்று கேட்டிருக்கிறாய். உன் அப்பா எழுதிய நாலு வரியை வைத்துக்கொண்டு அங்கிருந்து நீதி சொல்லியிருக்கிறாய். அவர் எதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினார் என்பதை நான் சொல்கிறேன், கேள்.

உன் தங்கை ஓமனா திருவனந்தபுரத்தில் டிரெயினிங் முடித்து வந்து நம்மூர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள் அல்லவா, அங்கே ஒரு புதுப் பாடம் ஆரம்பித்தாள். அ ஆ எழுதுவதற்கு முன்னால் பிள்ளைகள் எழுந்து அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். கோபம் என்றால் கோபம், சங்கடம் என்றால் சங்கடம். பயமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் பக்கத்துப் பிள்ளை போய் அதை ஒட்டி உட்கார வேண்டும், அது விதி. நான் சிரித்த சிரிப்பில் அடுப்பு அணைந்துபோயிற்று. மூக்கொழுகுகிற பிள்ளைகளுக்கு மனசாம், அதற்கொரு பாடமாம், இதற்கு ஒரு சம்பளமாம். நாங்கள் பயந்து நடுங்கின காலத்தில் எங்களை ஒட்டி உட்கார எவள் வந்தாள் என்று கேட்டேன். யாரும் வரல்ல இல்லியா அம்மா, அதாக்கும் விசயம் என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தலை சீவப் போய்விட்டாள்.

அதோடு விட்டாளா, தன் முறை வரும்வரை காத்திருக்கப் பழக்குகிறேன் என்று பள்ளி முற்றத்து மணலில் வாய்க்கால் வெட்டினாள். ஆளுக்கொரு கையகல வயல், ஒரு குடம் தண்ணீர், ஒவ்வொருவர் முறை வரும்போதும் மடை திறக்கும். நம் ஊரில் போய் வாய்க்கால் முறையை விளையாட்டாக வைக்கலாமா? அப்பன்மார் செய்வதைத்தானே பிள்ளைகள் செய்யும். பரீட்சை பார்க்க இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு குமாரதாஸின் மகள் செல்லக்கனி, ஆறு வயசுப் பொடிசு, முறையில்லாத நேரத்தில் மடையைத் திறந்துவிட்டுச் சாக்கால் மூடிக்கொண்டு குனிந்திருக்கிறாள். இன்னொரு பிள்ளை வரப்பில் நின்று இருமுகிறது. இது என்ன விளையாட்டு என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, ஆளு வந்தா அவன் இருமுவான் சாரே, நான் ஒளிஞ்சுக்கிடுவேன், எங்கப்பா இப்பிடித்தான் தொறப்பாரு என்று சொல்லிவிட்டாள். இன்ஸ்பெக்டர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

குமாரதாஸ் யார்? ஊரில் முறை பார்த்துத் தண்ணீர் விடுகிற பெரிய மனுஷன். மேலூர்க்காரன்தான் நம் தண்ணீரைத் திருடுகிறான் என்று கூட்டம் போட்டுத் தொண்டை கிழியக் கத்துகிறவர். பள்ளிக் கமிட்டியிலும் அவரே தலை. சிரிப்பு ஊர் முழுக்கப் பரவியதும் மனுஷனுக்கு மானம் வந்துவிட்டது. பிள்ளை வகுப்பில் எழுந்து நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும், ஓமனா பொய் பழக்கியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாது, வீட்டுக்குப் போகலாம் என்றார். நீ கேட்கச் சொல்லும் மன்னிப்பு இதுதான். நானும் முதலில் கேட்டுத் தொலையேன் என்றுதான் சொன்னேன். அவள், உள்ளதைச் சொன்ன பிள்ளையைப் பொய் சொன்னேன்னு சொல்ல வைக்கவா நான் படிச்சேன் என்று சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

திங்கட்கிழமை நான் அவளுக்குச் சோறு கொண்டுபோனபோது குமாரதாஸும் கமிட்டிக்காரர்கள் நாலு பேரும் வகுப்பில் நிற்கிறார்கள், உன் அப்பாவும் அதில் ஒருவர். எழும்பிச் சொல்லுட்டி என்று குமாரதாஸ் அதட்டினார். செல்லக்கனி எழுந்தாள். பாவாடையை முறுக்கிக்கொண்டே, எனக்குப் பயமா இருக்கு டீச்சர் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உடனே பக்கத்திலிருந்த பிள்ளை போய் அவளை ஒட்டி உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. யாரும் சொல்லவில்லை, எல்லாப் பிள்ளைகளும் நகர்ந்து நகர்ந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. அதில் இருமின பயல், எங்கப்பாவும் தொறப்பாரு, நீ பயப்படாத என்று அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னான். மீசை வைத்த நாலு ஆண்பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்கள். உன் அப்பா தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைமடையில் கிடக்கிற நம் வயல் மட்டும் இந்தப் பஞ்சத்தில் பச்சென்று நிற்கிறதே, அதற்கு வருண பகவான் தனியாக வந்தாரா? விடியற்காலையில் சேற்றுக் காலோடு வந்து படுக்கிறவரிடம் நான் என்ன கேட்க? அன்று முதல் வீட்டில் வாய் திறப்பதில்லை, சோற்றுக்கு மட்டும் திறக்கிறார்.

மாசி பத்தாம் தேதி கமிட்டி கூடுகிறது. ஓமனாவை நீக்குவதென்று முன்பே பேசி வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. பிள்ளைகளைக் கெடுக்கிறாளாம், தண்ணீர் திருடுகிற கூட்டம் சொல்லுகிறது. வேலை போனால் வருகிற சம்பந்தமும் போகும், ஊர் வாயில் அவள் அகராதி பிடித்தவள் ஆகிவிடுவாள். அன்றைக்கு அவள் தனியாகத்தான் போய் நிற்க வேண்டும், உன் அப்பா அந்தப் பக்கத்துப் பெஞ்சில் இருப்பார். பெண்பிள்ளை எனக்கு அங்கே இடமில்லை, வாசலில்தான் நிற்க முடியும். நீ மூத்தவன், அந்த வயலில் உனக்கும் பங்குண்டு, நீ வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

லீவு கேட்டால் கிடைக்காது என்று எழுதாதே. கிடைக்காததற்குக் காரணம் எழுதுவதில் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். மருமகளிடம் விசாரித்ததாகச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொள். பகவதி உங்களை நூறு வருஷம் நல்லபடி வைப்பாள். நான் சிரித்த பாடத்தை நானே இப்போது எழுந்து நின்று சொல்லுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மக்கா. பக்கத்தில் இருக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
பகவதியம்மாள்